புது வேன் சர்வீஸ் செலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பக்கம் வேன் வைத்துத் தொழில் செய்பவர்களுக்கு வரவு செலவு எழுதிக் கொடுப்பது என் வேலை. பனியன் துணி ஏற்றும் குட்டி யானை, ஆள் ஏற்றும் ஈக்கோ, பிக்கப், டிராவலர், ஸ்கூல் வேன் என்று எல்லா வண்டியும் என்னிடம் பில்லாகத்தான் வந்து சேரும். புது வண்டி எடுத்த முதல் இரண்டு வருடங்களில் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக எழுதி வைத்துவிட்டேன். இதில் வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் தோராயம். ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும்.

ஃப்ரீ சர்வீஸ்னு சொல்லித்தானே வண்டி கொடுத்தாங்க. அப்புறம் எதுக்குங்க ரெண்டாயிரம் பில்லு?

இலவசம் என்பது கூலி மட்டும்தான். ஆயில், ஃபில்டர், கூலன்ட் டாப் அப், வீல் அலைன்மென்ட் இவற்றுக்கெல்லாம் நீங்கள்தான் காசு தர வேண்டும். எத்தனை இலவச சர்வீஸ், எப்போது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாருதி ஈக்கோவுக்கு 1,000 கி.மீ. அல்லது ஒரு மாதம், 5,000 அல்லது ஆறு மாதம், 10,000 அல்லது ஒரு வருடம் என மூன்று. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. தேதி தாண்டிவிட்டால் இலவசக் கூலியும் போய்விடும்.

வண்டி எடுக்கும்போதே விற்பனையாளரிடம், "ஃப்ரீ சர்வீஸில் என் கையிலிருந்து எவ்வளவு போகும்?" என்று கேட்டுவிடுங்கள். "எத்தனை ஃப்ரீ சர்வீஸ்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

முதல் சர்வீஸ்ல ஒண்ணுமே பண்றதில்லையாம். தண்ணி அடிச்சுக் கொடுத்துருவாங்களாம். போகாட்டி என்ன?

போங்கள். புது வண்டியில் பட்டையை (பாரம் தாங்கும் ஸ்பிரிங் தகடுகளை)ப் பிடித்திருக்கும் யு போல்ட், ஜாயிண்ட் போல்ட் எல்லாம் ஓட ஓட உட்கார்ந்து கொஞ்சம் தளரும். அவற்றை மறுபடி முறுக்குவதுதான் அந்த சர்வீஸின் முக்கிய வேலை. பாரம் ஏற்றும் வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. சில வண்டிகளில் கியர் ஆயில், கிரவுன் ஆயில் (பின் அச்சுப் பற்சக்கரங்களுக்கான ஆயில்) இரண்டையும் முதல் சர்வீஸிலேயே மாற்றச் சொல்லியிருப்பார்கள். புதுப் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது உதிரும் இரும்புப் பொடி அந்த ஆயிலில்தான் மிதக்கும். உங்கள் வண்டிக்கு அப்படி உண்டா என்பது கையேட்டின் பின்பக்க அட்டவணையில் இருக்கும்.

இன்னொரு காரணம் பதிவு. முதல் சர்வீஸ் விட்டதற்கு ரெக்கார்டு இல்லை என்றால், நாளை வாரண்டி கேட்கப் போகும்போது எதிரில் இருப்பவருக்கு முதல் வாதத்தை நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வண்டி சும்மாதான் நிக்குது, ரெண்டாயிரம் கிலோமீட்டர் கூட ஓடலை. ஆறு மாசம் ஆயிருச்சுன்னு போன் பண்றாங்க. விடணுமா?

விட வேண்டும். நின்றாலும் ஆயிலில் ஈரம் சேரும், பேட்டரி இறங்கும். வாரண்டிக்கும் மாதக் கணக்கு உண்டு.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, ஒரு சர்வீஸுக்கு எவ்வளவு ஆகும்?

இலவச சர்வீஸ்கள் முடிந்த பிறகு, ஈக்கோ மாதிரி பெட்ரோல் வேனுக்குச் சாதாரண சர்வீஸ் மூவாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்குள் நிற்கும். இதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஏறத்தாழ மூன்று லிட்டர் ஆயில், லிட்டர் 350 முதல் 500 ரூபாய் வரை, ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்வது அல்லது மாற்றுவது, கூலி, வரி. இதற்கு மேல் வந்தால் எது கூடியது என்று கேளுங்கள்.

டீசல் வண்டிக்கு ஆயில் அதிகம் பிடிக்கும், டீசல் ஃபில்டர் தனி. சின்ன டீசல் வண்டிக்கு ஐயாயிரத்திலிருந்து எட்டாயிரம் வரை, டிராவலர் மாதிரிப் பெரியதற்குப் பத்தாயிரத்தை ஒட்டியோ தாண்டியோ வரும். ஆனால் டீசலில் ஒரு சர்வீஸுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தூரம் வண்டிக்கு வண்டி ரொம்பவே மாறும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆறாயிரம் கேட்கும் வண்டியைவிட, 20,000க்கு ஒருமுறை பத்தாயிரம் கேட்கும் வண்டி மலிவு. முதல் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 60 காசு, இரண்டாவதற்கு 50 காசு. பில் தொகையை மட்டும் பார்த்து "இந்தக் கம்பெனி வண்டி செலவு வைக்குது" என்று சொல்பவர்கள் இந்த வகுத்தலைச் செய்வதே இல்லை.

அப்புறம், எல்லா சர்வீஸும் ஒரே மாதிரி இருக்காது. பிரேக் ஆயில், கூலன்ட், கியர் ஆயில், பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் எல்லாம் சேர்ந்து வரும் பெரிய சர்வீஸ் ஒன்று 40,000 கி.மீ.யை ஒட்டி வரும். அந்தத் தடவை பில் இரட்டிப்பானால் அதிர்ச்சியடைய வேண்டாம்.

அப்போ மாசம் எவ்வளவு எடுத்து வைக்கறது?

ஒரு உதாரணம். மாதம் 3,000 கி.மீ. ஓடும் டீசல் வண்டி, சர்வீஸுக்குக் கிலோமீட்டருக்கு 60 காசு. டயர் நான்கும் 24,000 ரூபாய், அவை 40,000 கி.மீ. வரும் என்றால் அதற்கு இன்னொரு 60 காசு. பிரேக், கிளட்ச், பேட்டரி, கிரீஸ், பல்பு இதெல்லாம் சேர்த்து 50 காசு. மொத்தம் 1 ரூபாய் 70 காசு. மாதத்துக்கு 5,100 ரூபாய்.

முதல் வருடம் இந்தப் பணத்தில் பாதி கூடச் செலவாகாது. அதைப் பார்த்து வாடகை ரேட்டைக் குறைத்துப் பேசிவிடுகிறார்கள். மூன்றாம் வருடம் டயர், கிளட்ச், எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) மூன்றும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும்போது வட்டிக்கு வாங்குகிறார்கள். புது வண்டிக்காரர்கள் வாடகை பேசும்போது இந்தக் கிலோமீட்டர் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பில்லைப் பாத்தா தலை சுத்துதுங்க. எதை முதல்ல பாக்கணும்?

பில்லை அப்புறம் பார்க்கலாம். வண்டியை விடும்போது போடும் ஜாப் கார்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் சொன்ன வேலைகள் மட்டும் அதில் இருக்கின்றனவா, எஸ்டிமேட் தொகை எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். "கூடுதலாக எதுவானாலும் போனில் கேட்டுவிட்டுச் செய்யவும்" என்று கைப்பட எழுதிக் கொடுப்பது நல்ல பழக்கம்.

பில் வந்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். கையேட்டு அட்டவணைப்படி வந்தது ஒன்று, தேய்ந்ததால் மாற்றியது இரண்டு, அவர்களாகச் சேர்த்தது மூன்று. முதலாவதில் பேரம் கிடையாது. இரண்டாவதில் கழற்றிய பழைய சாமானைக் காட்டச் சொல்லலாம். ஆயிலை உங்கள் எதிரில் மாற்றச் சொல்வதைவிட, பழைய பிரேக் பேடை ஒரு பையில் போட்டுக் கொடுக்கச் சொல்வது சுலபம். மூன்றாவதுதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. அடுத்த கேள்வியே அதைப் பற்றித்தான்.

சாமான் பெட்டியில் அச்சடித்திருக்கும் எம்.ஆர்.பி. எல்லா வரிகளும் சேர்ந்த விலை. பில்லில் அடக்க விலை தனி, வரி தனி என்று காட்டுவார்கள். இரண்டையும் கூட்டினால் எம்.ஆர்.பி.யைத் தாண்டக் கூடாது. ஆயில் பேரலில் இருந்து அளந்து ஊற்றியிருந்தால் பெட்டி இருக்காது; அங்கே லிட்டர் அளவைக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

இன்ஜின் ஃப்ளஷ், ஏ.சி. கிளீனிங், டெஃப்லான் கோட்டிங், அண்டர் பாடி கோட்டிங்னு அடுக்கறாங்க. எல்லாம் வேணுமா?

புது வண்டிக்கு இன்ஜின் ஃப்ளஷ் தேவையில்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றும் இன்ஜினில் கழுவி எடுக்க ஒன்றும் சேர்ந்திருக்காது. இன்ஜெக்டர் கிளீனிங்கும் அப்படித்தான். ஏதாவது குறை தெரிந்தால் பார்த்துக்கொள்ளலாம். டெஃப்லான் கோட்டிங் பெயிண்ட் பளபளப்புக்கு. துணி மூட்டை ஏற்றும் வண்டிக்கு அது எதற்கு? ஆள் ஏற்றும் ஏ.சி. வேனில் வாடை வந்தால் ஏ.சி. கிளீனிங் நியாயமான செலவு.

வண்டியின் அடிப்பக்கம் துருப்பிடிக்காமல் பூசும் அண்டர் பாடி கோட்டிங்கை மட்டும் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். திருப்பூர், கரூர் பக்கம் ஓடும் வண்டிக்கு அவசரமில்லை. தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கம் ஓடினால் போட்டுவிடுங்கள். மீன் ஏற்றுகிற வண்டி என்றால் கேள்வியே வேண்டாம். ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் பெட்டி இடுக்கு வழியாகச் சேஸிஸில் ஒழுகிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் சரக்கு வைக்கும் தளம் அரித்துவிடும். டிங்கரிங் செலவுக்கு முன்னால் கோட்டிங் செலவு ஒன்றுமே இல்லை. ஆனால் கோட்டிங் போட்டுவிட்டோம் என்று கழுவாமல் விட்டால் பயனில்லை.

ஜி.எஸ்.டி. எத்தனை சதவீதம்? அதைத் திரும்ப எடுக்க முடியுமா?

கூலிக்கு 18 சதவீதம். உதிரி பாகங்களில் முன்பு 18, 28 என இரண்டு விகிதங்கள் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாம் 18 என்று ஆகிவிட்டது. டயருக்கும் பேட்டரிக்கும் அதேதான். அதற்கு முந்தைய பழைய பில்லோடு ஒப்பிடுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்ப எடுப்பது நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது. ஜி.எஸ்.டி. பதிவு இருந்து, உள்ளீட்டு வரி (வாங்கியதற்குக் கட்டிய ஜி.எஸ்.டி.) எடுக்கும் முறையில் வரி கட்டுகிற நிறுவனம் தன் சரக்கு வேனுக்கு சர்வீஸ் விட்டால் அந்த வரியை எடுத்துக்கொள்ளலாம். ஓட்டுநரோடு சேர்த்து 13 பேர் அல்லது அதற்குக் குறைவாக உட்காரும் வண்டிக்குச் சட்டம் தடை போடுகிறது. பயணிகளை வாடகைக்கு ஏற்றிச் செல்லும் தொழில் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. முதலாளி ஆபீஸ் வருவதற்கு வைத்திருக்கும் ஈக்கோவுக்கு எடுக்க முடியாது. உள்ளீட்டு வரி இல்லாமல் 5 சதவீத முறையில் இருக்கும் டிரான்ஸ்போர்ட்காரர்களுக்கும் கிடையாது. எடுக்க முடிந்தவர்கள் பில் போடும் முன்பே உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுங்கள். பில் போட்ட பிறகு மாற்றச் சொல்லி அலைவதுதான் எனக்கு மாதா மாதம் வரும் தலைவலி.

வெளி மெக்கானிக்கிட்ட விட்டா வாரண்டி போயிரும்னு சொல்றாங்களே, நெசமா?

முழு உண்மை இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தமாக 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரி பாகங்களும் பழுது பார்க்கும் விவரங்களும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையின் தவறால் பழுது வந்திருந்தால் மட்டும் மறுக்கலாம் என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. வழக்கு பிறகு மேல்முறையீட்டுக்குப் போனது.

ஆனால் நடைமுறையில் உங்கள் வண்டி நிற்கும்போது உத்தரவைக் காட்டி வாதாட நேரம் இருக்காது. அதனால் நான் சொல்வது இதுதான். வாரண்டி இருக்கும் காலத்தில் இன்ஜின், கியர் பாக்ஸ், எலக்ட்ரிக்கல் சம்பந்தமான சர்வீஸை கம்பெனியிலேயே விடுங்கள். பஞ்சர், டயர் மாற்றிப் போடுவது, அலைன்மென்ட், கிரீஸ், வைப்பர், பல்பு இதெல்லாம் வெளியில் பார்த்துக்கொள்ளலாம்; பெரும்பாலும் பாதிச் செலவில் முடியும். வாரண்டி முடிந்த பிறகு நல்ல மெக்கானிக் கிடைத்தால் தாராளமாக மாறுங்கள்.

ஒயரிங்கில் மட்டும் கை வைக்காதீர்கள். பாடி கட்டும்போதும் கூடுதல் விளக்கு, பாட்டு செட் போடும்போதும் ஒயரை வெட்டி ஒட்டுவார்கள். அங்கே ஷார்ட் ஆனால் வாரண்டி தர மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

கிளட்ச் 18 ஆயிரத்துலயே போயிருச்சு. வாரண்டி இருக்கு, ஆனா தரமாட்டேங்கறாங்க.

கிளட்ச் பிளேட், பிரேக் பேடு, பெல்ட், வைப்பர், பல்பு, ஃபில்டர் எல்லாம் தேய்மானச் சாமான்கள். பொதுவாக வாரண்டியில் வராது. டயர், பேட்டரிக்கு அவற்றைத் தயாரித்த கம்பெனிதான் வாரண்டி தரும்.

18,000 என்பது சீக்கிரம்தான். பிளேட்டின் முகம் முழுக்க ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் ஓட்டும் பழக்கம் அல்லது அதிக பாரம் காரணம். கிளட்ச் மேல் கால் வைத்தபடியே ஓட்டுபவர்களிடம் இதை நிறையப் பார்க்கலாம். ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ, ஆயில் கசிந்து நனைந்திருந்தாலோ, அது தயாரிப்புக் குறையாக இருக்கலாம். கழற்றியதும் போட்டோ எடுத்து, எழுத்தில் கேளுங்கள். பழைய சாமானைக் கேட்டு வாங்கச் சொன்னது இதற்கும்தான்.

ஆயில் கடையில வாங்கி நாமளே ஊத்திக்கிட்டா மிச்சம்தானே?

பெட்ரோல் வண்டிக்கு கையேட்டில் சொன்ன தரமும் பிசுபிசுப்பும் இருந்தால் பிரச்சினை இல்லை. வாரண்டி காலத்தில் பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டியில் கவனம் வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பல டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் அதற்கு ஆகும். பல வண்டிகளுக்கு சி.கே. 4 வகை சொல்லியிருப்பார்கள். பழைய வண்டிக்கு வாங்கிய சி.ஐ. 4 டின் மீதம் இருக்கிறதே என்று ஊற்றினால், வடிகட்டியில் சாம்பல் படிந்துகொண்டே போகும். சாம்பல் எரிந்து போகாது. ஆயிலில் நானூறு ஐந்நூறு மிச்சம் பிடித்து, பல ஆயிரம் ரூபாய் வடிகட்டிக்கு வழி செய்துவிடாதீர்கள்.

மீட்டர்ல சைலன்சர் மாதிரி ஒரு லைட்டு எரியுது. இது எவ்வளவு செலவு வைக்கும்?

உடனே கவனித்தால் பெரும்பாலும் செலவே இல்லை. மேலே சொன்ன வடிகட்டியில் கரி நிறைந்திருக்கிறது, அதை எரித்துத் தள்ள வேண்டும் என்று வண்டி கேட்கிறது. அதற்குச் சூடு வேண்டும். நிறுத்தி நிறுத்தி ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு வராது. பால் வண்டி, பார்சல் வண்டிகளில் அடிக்கடி எரிவது அதனால்தான். பைபாஸில் ஏற்றி இருபது முப்பது நிமிடம் ஒரே சீராக ஓட்டினால் பல நேரம் அணைந்துவிடும். நின்றபடியே எரிக்க ஸ்விட்ச் உள்ள வண்டிகளும் உண்டு, கையேட்டைப் பாருங்கள்.

அலட்சியமாக விட்டால் அடுத்து இழுவை குறையும், பிறகு சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் போட்டு எரிக்க வேண்டும், அதையும் தாண்டினால் வடிகட்டியையே மாற்ற வேண்டும். புது வேன் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: ஓட்டம் முழுக்க டவுனுக்குள்தான் என்றால் டீசல் எடுப்பதைப் பற்றி இன்னொரு முறை யோசியுங்கள்.

யூரியா ஊத்தணும்னு சொல்றாங்க. அது வேற செலவா?

டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. புகையின் நச்சைக் குறைப்பதற்காக, 32.5 சதவீதம் யூரியா இருக்கும்படி சுத்தமான தண்ணீரில் கரைத்த திரவம். 20 லிட்டர் வாளியாகவும் கிடைக்கும். இது சர்வீஸ் பில்லில் வராது, டீசலோடு சேர்த்து ஓட்டச் செலவில் எழுதுங்கள். வயல் யூரியாவைக் கரைத்து ஊற்றும் வேலை வேண்டவே வேண்டாம். பம்பும் நாசிலும் அடைத்துக்கொள்ளும்.

சி.என்.ஜி. வேனுக்கு, கரண்ட் வேனுக்கு செலவு எப்படி?

சி.என்.ஜி.க்கு பெட்ரோல் வண்டியின் சர்வீஸ்தான், கூடவே கேஸ் லைன் கசிவுச் சோதனை. சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை) கட்டாயம். மின்சார வேனில் இன்ஜின் ஆயிலே கிடையாது, சர்வீஸ் பில் நன்றாகவே குறையும். ஆனால் எடை கூடுதல் என்பதால் டயரைக் கவனிக்க வேண்டும். பேட்டரி வாரண்டி எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் அங்கே பெரிய கணக்கு.

ஏ.எம்.சி., எக்ஸ்டெண்டட் வாரண்டி ரெண்டும் போடச் சொல்றாங்க. எது லாபம்?

இரண்டும் வேறு வேறு. ஏ.எம்.சி. என்பது சர்வீஸ் செலவை முன்கூட்டியே கட்டுவது. எக்ஸ்டெண்டட் வாரண்டி, பழுது வந்தால் காப்பாற்றுவது. நிறைய ஓடும் டீசல் வண்டிக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி போடலாம் என்பது என் கருத்து. இன்றைய டீசல் வண்டியில் ஒரு இன்ஜெக்டரோ சென்சாரோ போனால் அந்தத் தொகை ஈடாகிவிடும். ஏ.எம்.சி.யை மேலே சொன்ன கிலோமீட்டர் கணக்கில் வகுத்துப் பாருங்கள். கிளட்ச், பிரேக் சேருமா, வேறு ஊர் டீலரிடம் செல்லுமா, வண்டியை விற்றால் வாங்கியவருக்கு மாறுமா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

எஃப்.சி. செலவு எப்ப வரும்? அதுவும் சர்வீஸ் கணக்கா?

மஞ்சள் போர்டு வண்டிக்கு மட்டும். புது வண்டிக்குத் தரும் எஃப்.சி. முதல் இரண்டு வருடம் செல்லும், பிறகு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடா வருடம். அரசுக் கட்டணத்தைவிட பெயிண்ட், டிங்கரிங், ஒளிரும் ஸ்டிக்கர், பிரேக் வேலைதான் செலவு. எஃப்.சி. வரும் மாதத்துக்கு முந்தைய மாதத்தில் சர்வீஸ் வரும்படி வைத்துக்கொண்டால் பிரேக் வேலைக்கு இரண்டு தடவை கூலி தர வேண்டியதில்லை. ஸ்கூல் வேனுக்கு ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும் முன் நடக்கும் ஆய்வு தனி.

கேக்காமலே வேலை பாத்து பில்லைக் கூட்டிட்டாங்க. நம்ம வண்டி தொழில் வண்டி, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாதுன்னும் சொல்றாங்க.

அப்படிப் பயமுறுத்துவார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்கம் தருகிறது. ஒரே வேனைத் தானே ஓட்டிச் சம்பாதிப்பவர் இதில் வரலாம். ஆள் வைத்து ஐந்து வண்டி ஓட்டுபவருக்கு இந்த வழி கடினம்.

முதலில் அந்த சர்வீஸ் சென்டர் மேனேஜருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஜாப் கார்டு, பில் இரண்டையும் இணைத்து மெயில் போடுங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பணத்தைக் கட்டினால்தான் வண்டியை விடுவோம் என்றால், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று பில் நகலில் எழுதிக் கையெழுத்திட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு கட்டிவிட்டு வண்டியை எடுங்கள். வண்டி அங்கே நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு வாடகை நஷ்டம்.